இரண்டாவது வாய்

இன்னும் பிறக்காத போனுக்கு ஜாதகம் எழுதுவதுதான் வென் சூபிங்கின் பிழைப்பு. எந்த மாதம் வரும், எத்தனை கேமரா, பொத்தான் வலப்பக்கமா இடப்பக்கமா என்று, கம்பெனிக்காரன் வாயைத் திறப்பதற்கு நாலைந்து மாதம் முன்னாலேயே எழுதிவிடுவாள். 'அரைத் திருகாணி' என்ற பெயரில் இணையத்தில் அவள் எழுதுவதை ஆறு லட்சம் பேர் படித்தார்கள். எழுதுவது ஒரு பெண் என்றோ, அவள் ஷாஜிங்கில் ஏழாவது மாடி ஒற்றை அறையில் துணி காயும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறாள் என்றோ அந்த ஆறு லட்சத்தில் ஒருவருக்கும் தெரியாது. பெரும்பாலானவர்கள் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் திருத்தப் போகவில்லை.

இந்தத் தொழிலில் யாரும் எதையும் அதன் பெயர் சொல்லி எழுதமாட்டார்கள். ஒரு கம்பெனி 'பெரிய வீடு', இன்னொன்று 'ஆற்றங்கரை வீடு'. விலை கூடின போன் மூத்த மருமகள், விலை குறைந்தது இளையவள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நான் ஏதோ குடும்பக் கதை எழுதினேன் என்று கையை விரித்துவிடலாம் என்ற நினைப்பு. எந்த நீதிபதி இதை நம்புவார் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சூபிங்குக்கு மட்டும் சொந்தமாக ஒரு விதி இருந்தது. ஒரு வாய் சொன்னதை எழுதமாட்டாள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் எழுதுவாள். இது நேர்மை என்று அவளுடைய வாசகர்கள் கொண்டாடினார்கள். நேர்மையும் இல்லை, மண்ணும் இல்லை. பயம். பெரிய வீட்டுக்காரர்கள் பொறி வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு தொழிற்சாலைக்கு ஒரு அளவைக் கொடுப்பார்கள், இன்னொன்றுக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி வேறு அளவைக் கொடுப்பார்கள். எந்தப் பொய் வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வந்ததும், அந்தப் பொய்யை யாரிடம் கொடுத்து வைத்தோமோ அவருடைய சட்டையைப் பிடிப்பார்கள். இரண்டு இடத்திலிருந்து வரும் செய்தியில் இந்த வம்பு இல்லை. பிடிக்க யாரும் தனியாக அகப்படமாட்டார்கள்.

அவள் இப்படிப் பயந்தது தாவ் மெய்ஜுவானுக்காக.

மெய்ஜுவான் தொங்குவானில் போன் பொருத்தும் தொழிற்சாலையில் பரிசோதனை மேஜையில் இருந்தாள். வயது நாற்பத்தாறு. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, விளக்குக்கு அடியில் ஒவ்வொரு போன் சட்டத்தையும் திருப்பித் திருப்பிக் கீறல் பார்ப்பது வேலை. சூபிங்கும் ஒரு காலத்தில் அவளுக்குப் பக்கத்து மேஜைதான். எட்டு வருஷம் கீறல் பார்த்துப் பார்த்துக் கண்ணில் பூச்சி பறக்க ஆரம்பித்ததும் சூபிங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத் தங்கும் விடுதிப் படியில் உட்கார்ந்து அவள் அழுதபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மெய்ஜுவான் ஒருத்திதான். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கொடுத்தாள்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெய்ஜுவானுக்கு விடுமுறை. அந்த இரண்டு நாளும் சூபிங் தொங்குவானுக்குப் போய்விடுவாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் லியூஜோவ்காரன் வைத்திருக்கும் நத்தைச் சாறு நூடுல்ஸ் கடையில் இருவரும் உட்காருவார்கள். இருவருக்கும் சொந்த ஊர் லியூஜோவ் பக்கம். அந்த நாற்றத்துக்கு வேறு ஊர்க்காரன் எவனும் பக்கத்து மேஜைக்கு வரமாட்டான் என்பது கூடுதல் வசதி. போனில் இவர்கள் தொழில் பேசியதே கிடையாது. தொழிற்சாலைக்குள் போகும்போதே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள், வரும்போது உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். அதனால் படம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெய்ஜுவான் எல்லாவற்றையும் விரலால் அளந்து மனதில் வைத்துக்கொண்டு வருவாள். அவளுடைய பத்து விரலையும், நக அகலத்தையும் கணுவுக்குக் கணு நீளத்தையும் சூபிங் ஒரு நாள் அளவுகோல் வைத்து அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 'கேமரா மேடு என் சுண்டு விரல் நகத்துல பாதி' என்று மெய்ஜுவான் சொன்னால் போதும், சூபிங் வரைபடம் போட்டுவிடுவாள். ஆறு லட்சம் பேர் வியந்த வரைபடங்கள் எல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவைதான்.

இதற்கு மெய்ஜுவான் ஒரு காசு வாங்கினதில்லை. சூபிங் ஒரு முறை பணம் வைத்த சிவப்பு உறையை நீட்டியதற்கு இரண்டு ஞாயிறு பேசாமல் இருந்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"விடுதியில எனக்கு மேல் கட்டில்ல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. என்னைய அவங்க பார்க்கறதே இல்ல. அத்தை, விளக்கை அணைங்கன்னு சொல்றதோட சரி. அந்த ரெண்டும் ராவெல்லாம் நீ எழுதினதை வச்சுத்தான் சண்டை போடுதுங்க. பொத்தான் இருக்கும், இருக்காதுன்னு. நான் கீழ படுத்துக்கிட்டுக் கேப்பேன். அந்தப் பொத்தானை அன்னிக்குப் பகல்ல ஆயிரத்து இருநூறு தடவ அமுக்கினவ நான். எனக்குச் சிரிப்பா வரும்டி. போர்வைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிப்பேன்."

ஏப்ரல் மாதத்து முதல் விடுமுறையன்று மெய்ஜுவான் கடைக்குள் வரும்போதே முகம் பளிச்சென்று இருந்தது. நூடுல்ஸ் வரும்வரை கூடப் பொறுக்கவில்லை.

"நிறம் வந்திடுச்சு."

"எந்த வீடு?"

"பெரிய வீடுதான். மூத்த மருமக. சூபிங், நான் இருபது வருஷமா இதே வேலை பார்க்கறேன். கறுப்பு, வெள்ளை, வெள்ளி, தங்கம். அதுக்கப்புறம் ஒரு நீலம். இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததே இல்ல." அவள் எழுந்துபோய்க் கடைக்காரனின் காய்கறிக் கூடையிலிருந்து ஒரு நீளக் கத்திரிக்காயை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். "இது. இதே தோல். விளக்குக்குக் கீழ வச்சா ஓரத்துல மட்டும் சிவப்பு ஓடுது. அம்மாடி, கீறல் பார்க்கவே மனசு வரல."

"எத்தனை வந்திச்சு?"

"என் மேஜைக்கு முப்பது. திரை போட்டு மறைச்சுட்டாங்க, பக்கத்து மேஜை தெரியாது. எல்லாருக்கும் அதுதான் வந்திருக்கும்."

'எல்லாருக்கும் அதுதான் வந்திருக்கும்' என்றதைச் சூபிங் அப்போதே கொஞ்சம் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கத்திரிக்காயைக் கையில் உருட்டிக்கொண்டு, "ரெண்டாவது வாய் வரட்டும் அக்கா. அதுவரைக்கும் எழுதமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

"எழுதாதே. நான் அவசரப்படுத்தினேனா?" என்றாள் மெய்ஜுவான். ஆனால் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கத்திரிக்காயைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

எழுதாமல் இருப்பது பெரிய காரியமில்லை. முதலில் தெரிந்தது எனக்குத்தான் என்று காட்டாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு முடியாத காரியம். அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சூபிங்கையும் சேர்த்து இப்படி எழுதும் ஆறு பேருக்குப் போனில் ஒரு தனிக் குழு உண்டு. கையில் ஒரு செய்தி இருந்து, எழுத நேரம் வராவிட்டால், அந்தக் குழுவில் சம்பந்தமில்லாத ஒரு படத்தைப் போட்டு வைப்பார்கள். இதற்கு நடுகல் போடுவது என்று பெயர். பின்னால் செய்தி வெளிவரும்போது, தேதியைப் பார், நான் அப்போதே நட்டு வைத்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்ளலாம். அடுத்தவர் நட்ட கல்லைத் தோண்டி எழுதக்கூடாது. ஒரு செய்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் யாரும் யாரையும் கேட்கக்கூடாது. அப்படிக் கேட்பதைச் சட்டைப் பையில் கை விடுவதற்குச் சமமாக நினைத்தார்கள்.

பதினான்காம் தேதி மத்தியானம் சூபிங் பூண்டு போட்டு வேகவைத்த கத்திரிக்காய் ஒரு தட்டு வாங்கினாள். அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். 'இன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஆறு பேரில் ஒருவனான கோங் மட்டும் கட்டை விரல் ஒன்றைக் காட்டினான். மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. சூபிங் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறந்துபோனாள்.

பதினோரு நாள் கழித்து லியாவ் கூப்பிட்டான். ஹுவாச்சியாங்பெய் சந்தையில் மூன்றாவது மாடியில் போன் உறை விற்பவன். போன் வரும் அன்றே உறையும் கடையில் தொங்கவேண்டும் என்பதால், உறைக்காரர்கள் எல்லாரும் வதந்தியை நம்பி மாதக்கணக்கில் முன்னாலேயே அச்சு வெட்டிவிடுவார்கள். அதனால் லியாவுக்குக் காது நீளம்.

"தங்கச்சி, உனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன். மூத்தவளுக்கு இந்த வருஷம் புதுப் புடவை. என்ன நிறம்னு சொல்லு பார்ப்போம்."

சூபிங் நிறத்தின் பெயரைத் தன் வாயால் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க அண்ணே."

"கத்திரிக்காய். எங்க அச்சுப் பட்டறையில அடிச்சுச் சொல்றாங்க. ஓரத்துல சிவப்பு தெரியற மாதிரி உறையைக் கண்ணாடியா ஊத்தணும்னு பேச்சு."

ஓரத்துச் சிவப்பு வரைக்கும் வந்துவிட்டது. அது பட்டறையில் யாரோ செய்த ஊகம். கத்திரிக்காய்த் தோலை வெளிச்சத்தில் பார்த்த எவனும் சொல்லிவிடக்கூடியது. ஆனால் சூபிங்குக்கு அது அப்படித் தோன்றவில்லை. மெய்ஜுவான் சொன்னது அப்படியே இன்னொரு வாயிலிருந்து, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அச்சுப் பட்டறை வழியாக வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

சாயங்காலமே எழுதிவிட்டாள். 'பெரிய வீட்டு மூத்த மருமகள் இந்த முறை கத்திரிக்காய் நிறத்தில் வருகிறாள். இரண்டு வாய் சொன்னது.' ஓரம் சிவந்த ஒரு சித்திரமும் போட்டாள். மறுநாள் காலை கண் விழித்தபோது அதை நாற்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கத்திரிக்காய் நிறத்தில் நகம் தீட்டிக்கொண்டு படம் போட்டவர்கள் ஒரு பக்கம், இந்த நிறத்தில் போன் வாங்குபவன் மனுஷனே இல்லை என்று திட்டியவர்கள் ஒரு பக்கம். விடுதிக் கட்டிலில் போர்வையைக் கடித்துக்கொண்டு மெய்ஜுவான் சிரிப்பதை நினைத்துச் சூபிங்கும் அன்று தனியாகச் சிரித்தாள். நல்ல நாள் அது. அப்படி ஒரு நாள் பிறகு அவளுக்கு வரவில்லை.

ஞாயிறன்று நூடுல்ஸ் கடைக்கு மெய்ஜுவான் வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும் என்று சூபிங் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் மெய்ஜுவான் நின்றிருந்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. ஏழு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தொழிற்சாலைச் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடு முதல்ல," என்றாள்.

சுடுதண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தாள். பிறகு பேசினாள்.

"ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கானுங்க. ஒரு மேஜைக்குப் பாசிப் பச்சை. இன்னொண்ணுக்குச் செங்கல். அதுக்குத்தான் திரை. கத்திரிக்காய் என் மேஜைக்கு மட்டும். அது நிஜ நிறமே இல்லையாம், விசாரிக்கறவனே சொன்னான். பொறிக்குன்னு முப்பது சட்டம் பூசியிருக்கானுங்க."

"உங்களைக் கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்ல. என் மேஜைக்கு ரெண்டு பேரு. பகல்ல நான், ராத்திரிக்குப் பான்னு ஒரு பொண்ணு. பெரிய வீட்டுலேருந்து வந்த ஆபீசர் ஒருத்தன் ரெண்டு பேரையும் தனித்தனியா உட்கார வச்சு நாலு நாளாக் கேக்கறான். இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கெடு. யாராவது ஒருத்தி ஒத்துக்கிட்டா அவ மேல மட்டும் கேஸ். இல்லன்னா ரெண்டு பேர் மேலயும்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் பயப்படல சூபிங். எனக்குத் தெரியும், நீ ரெண்டு வாய் இல்லாம எழுதமாட்டே. எழுதினதுலயும் அப்படித்தான் போட்டிருந்தே. அப்ப வேற எங்கேயோவும் இது கசிஞ்சிருக்கு. பெயிண்ட் அடிச்ச இடமோ என்னவோ. அது எங்கேன்னு மட்டும் சொல்லு. பேரு வேணாம். யாரையும் மாட்டிவிட மாட்டேன். ஆபீசர்கிட்ட, இங்கே மட்டும் இல்ல, அந்தப் பக்கமும் பாருங்கன்னு சொல்லிட்டா, எங்க ரெண்டு பேரையும் இவன் ஒண்ணும் பண்ண முடியாது."

"அச்சுப் பட்டறை," என்றாள் சூபிங் உடனே. "ஹுவாச்சியாங்பெய்யில உறைக்கு அச்சு வெட்டற பட்டறை."

மெய்ஜுவானின் தோள் இறங்கியது. "அதான பார்த்தேன்," என்று சிரிக்கக்கூடச் செய்தாள். "வரும்போது பஸ்ஸுல நினைச்சுக்கிட்டேன், ஒருவேளை இந்த ஒரு தடவை அவசரப்பட்டு எழுதிட்டியோன்னு. தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோ."

சூபிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பதே முப்பது சட்டம். ஒரே மேஜை. நிஜ நிறமே இல்லை. அப்படியானால் உறை வெட்டுபவனுக்கு அது எப்படித் தெரியும்? இதைக் கேட்காமல் விட்டுவிட்டால் என்ன என்று அவள் மனம் ஒரு கணம் சொன்னது. மெய்ஜுவான் அச்சுப் பட்டறை என்று போய்ச் சொல்லட்டும், அவர்கள் தேடட்டும். ஆனால் தேடுபவர்கள் முட்டாள்கள் இல்லை. பொய்யான வழியைக் காட்டி மாட்டிக்கொண்டால் அது மெய்ஜுவானுக்கு இன்னும் மோசம். சூபிங் போனை எடுத்து லியாவைக் கூப்பிட்டு, மெய்ஜுவானுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, கத்திரிக்காய் விஷயத்தை உங்க பட்டறைக்கு யாரு சொன்னது?"

"தங்கச்சி, என்ன கேள்வி இது? இத்தனை வருஷமாப் பழகறோம், நான் உன்னைய ஒரு நாள் கேட்டிருக்கேனா?"

"கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல. இந்த ஒரு தடவை மட்டும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஏதாவது வில்லங்கமா?"

"ஆமா."

"எனக்கு எதுவும் வராதே? நான் ரெண்டாயிரம் உறைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"அண்ணே, சொல்லுங்க."

லியாவ் குரலைத் தாழ்த்தினான். "கோங்தான். உங்க ஆளு. பட்டறைக்காரனோட மீன் சாப்பிடப் போனப்பச் சொன்னானாம். அவனுக்குத்தான் பெரிய வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்குன்னு பேச்சாச்சே. அதனாலதான நாங்க நம்பினோம்."

மெய்ஜுவான் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதானே?" என்று மெல்லக் கேட்டாள். "அவனுக்கு வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தா, அது இன்னும் நல்லதுதானே?"

சூபிங் அதே போல ஸ்பீக்கரில் கோங்கைக் கூப்பிட்டாள். கோங் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"என்ன திருகாணி, நாற்பது லட்சம். இனிமே எங்க கூடல்லாம் பேசுவியா?"

"கோங், உனக்கு அந்த நிறத்தைச் சொன்னது யாரு?"

"இது என்ன புதுப் பழக்கம்? பையில கை விடற?"

"விளையாடாதே. யாரு?"

"நெசமாவே கேக்கறியா?" கோங்குக்கு அது வேடிக்கையாக இருந்தது. "நீதான். பதினாலாம் தேதி மத்தியானம் சாப்பாட்டுப் படம் போட்டியே. ஏழு வருஷமா இந்தக் குழுவுல இருக்கே, ஒரு நாளாவது சோத்தைப் படம் புடிச்சுப் போட்டதுண்டா? திடீர்னு கத்திரிக்காய். மூத்தவ நிறம் வர்ற சமயம். புரியாம இருக்க நான் என்ன மடையனா? ஆனா நான் எழுதல பாரு. உன் கல்லை நான் தோண்டல. மீன் சாப்பிடறப்ப ஒரு வார்த்தை வாய் தவறி வந்திச்சு, அவ்வளவுதான். அவன் கேட்டதுக்கு, வீட்டுக்குள்ளேயே ஆள் சொன்னதுன்னு ஒரு கெத்துக்குச் சொல்லிவச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

சூபிங் போனை அணைத்தாள்.

கீழே தெருவில் பழைய சாமான் எடுப்பவனின் ஒலிபெருக்கி திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டு போனது. குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறோம், துணி துவைக்கும் இயந்திரம் வாங்குகிறோம், பழைய போன் வாங்குகிறோம்.

"அப்ப நான் சொன்னதுதான்," என்றாள் மெய்ஜுவான். "என்கிட்டேருந்து உனக்கு, உன்கிட்டேருந்து அந்த ஆளுக்கு, அவன்கிட்டேருந்து பட்டறைக்கு. சுத்திக்கிட்டு உன்கிட்டயே வந்திருக்கு. ரெண்டாவது ஆள்னு யாரும் இல்ல."

"இல்ல அக்கா."

சூபிங் அழுதாள். அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுதாள். ஒரு தட்டுக் கத்திரிக்காய். அதைப் போடாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. போட்டது யாருக்காக? எனக்கு முதலில் தெரியும் என்று ஐந்து பேருக்குக் காட்டுவதற்காக. பிறகு, வழக்கம் இல்லை என்று ஒரு கேள்வியை விழுங்கினாள். லியாவிடம் அன்றே கேட்டிருந்தால் அவன் அன்றே சொல்லியிருப்பான். இன்றைக்குச் சொன்னானே.

"நான் வர்றேன் அக்கா. ஆபீசர்கிட்ட வந்து, எழுதினது நான்தான்னு சொல்றேன். என் மேல கேஸ் போடட்டும்."

மெய்ஜுவான் அதை யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள், பிறகு தலையை அசைத்தாள். "நீ யாருன்னு கேப்பான். இங்கதான் வேலை பார்த்தேன்னு சொல்லுவே. எந்த மேஜைன்னு கேப்பான். என் பக்கத்து மேஜை. நீ வந்தா என் கதை இன்னும் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்."

"அப்ப பேசாம இருந்திடுங்க. அவனுங்ககிட்ட ஆதாரம் ஒண்ணும் இல்ல. போன்ல நாம எதுவும் பேசினதில்ல. ரெண்டு பேர்ல யாருன்னு அவனால சொல்லவே முடியாது."

"அதனாலதான் ரெண்டு பேர் மேலயும் போடறேங்கறான்." மெய்ஜுவான் பிளாஸ்டிக் பையிலிருந்து சட்டையை எடுத்து உதறினாள். "பான்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல தெரியுமா? அவ வரும்போது நான் போயிடுவேன். தினம் காலையில ஸ்டூலு உயரமா இருக்கும். நான் வந்து இறக்கிக்குவேன். என்னைவிட உசரமான பொண்ணு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நேத்து அந்த ரூமுக்கு வெளியில பெஞ்சில உட்கார்ந்திருந்தா. இருபத்தி நாலு வயசுகூட இருக்காது. நான்தான்னு தெரியாம என்னைப் பார்த்து, அத்தை பயப்படாதீங்க, நாம ஒண்ணும் பண்ணலையேன்னு சொல்லுது."

அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். சூபிங் அந்த விரல்களைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டாவது ஆள் ஒருத்தர் இருப்பாருன்னு இந்த நாலு நாளும் நினைச்சுக்கிட்டே இருந்தேன்," என்றாள் மெய்ஜுவான். "முகம்கூட மனசுல வந்திடுச்சு. பெயிண்ட் பட்டறையில என்னை மாதிரி ஒரு வயசான பொம்பளை. அவளும் இந்த நிறத்தைப் பார்த்துட்டு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாம யாருகிட்டயோ சொல்லிட்டான்னு. பாவம், அவளை எப்படி மாட்டிவிடறதுன்னு ராத்திரி தூங்கல."

சூபிங் பஸ் நிறுத்தம் வரை கூட வருவதாகச் சொன்னாள். மெய்ஜுவான் வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆறு மணிக்குள் போய் ஆபீசரிடம் சொல்லிவிடவேண்டும், நீ அழுதுகொண்டே வந்தால் ரோட்டில் எல்லாரும் பார்ப்பார்கள் என்றாள். கதவருகில் செருப்பைப் போடும்போது, "கண்ணுக்கு மருந்து விடறதை நிறுத்தாதே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஐந்தரை மணிக்குச் சூபிங்கின் போன் அடிக்க ஆரம்பித்தது. கோங் பொறுக்கமாட்டாமல் தன் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டான். சூபிங்தான் வெளியிட்டுவிட்டாளே, இனி அது கல் தோண்டுவதாகாது என்று ஒரு சமாதானம். கோங் எழுதியதைப் பார்த்துக் குழுவில் இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். அதைப் பார்த்து வெளியூர்ச் செய்தித்தளம் ஒன்று எழுதியது. அரைத் திருகாணி சொன்னதை இப்போது நான்கு இடங்கள் தனித்தனியாக உறுதி செய்துவிட்டன, இனிச் சந்தேகமே இல்லை என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அந்த நிறத்தில் போன் எங்கேயும் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லவும் அவளால் முடியாது. அது பொறி என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்பார்கள். அதற்கும் மெய்ஜுவான் ஒருத்திதான் பதில்.

'அண்ணே, நாலு பேர் சொல்லிட்டாங்க, நீங்கதான் கிங்கு,' என்று யாரோ எழுதியிருந்தான். மணி ஐந்து ஐம்பது. சூபிங் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெய்ஜுவான் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.